மூன்றாம் கேட்புக்குப் பிறகு மார்க் போடுங்கள்

ஆளுக்கொரு பாட்டை மற்றவர்களுக்குக் கொடுத்து, கேட்டு, எழுதி, மார்க் போடுகிற பழக்கம் இசைப் பித்துப் பிடித்தவர்கள் கூடுகிற இடமெல்லாம் உண்டு. ஒழுங்காக நடந்தால் ஒரே வருடத்தில் காது போகாத திசையெல்லாம் போய்வரும். ஏனோதானோவென்று நடந்தால் நாலே வாரத்தில் எல்லோரும் "நல்லாயிருக்கு, ஆனா என் டேஸ்ட் இல்லை" என்ற ஒரே வரியை மாற்றி மாற்றி எழுதத் தொடங்குவார்கள். இதற்கு ரசனையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எத்தனையாவது கேட்பில் பேனாவை எடுக்கிறார்கள் என்று பாருங்கள், பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு பாட்டு ஓடும்போது காது சும்மா இருப்பதில்லை. அடுத்த தட்டு எங்கே விழும், குரல் எப்போது வரும், வரி எந்த ஸ்வரத்தில் போய் உட்காரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கும். பழகிய வகைப் பாட்டில் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். அவ்வப்போது பிசகும்போது சுவாரசியமாக இருக்கும். பழகாத வகையில் ஊகம் வரிசையாகத் தப்பும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் முதல் கேட்பில் "இழுவை", "சத்தம்", "சுருதி சேரலை" என்று எழுதிவிடுகிறோம். அப்போது போடுகிற மார்க் உங்கள் காதின் பழக்கத்துக்குப் போட்ட மார்க்.

ஏழு அட்சரப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கேரிய நடன இசையில் ராச்சேனிட்சா என்று ஒரு வகை. ஏழு எண்ணிக்கை, படு வேகம். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய காது ஏழு என்றதும் "தகிட தகதிமி" என்று மூன்றும் நான்குமாகப் போடத் தொடங்கும். ராச்சேனிட்சாவோ இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரியும். அதாவது "தகதிமி தகிட". மொத்தம் ஏழுதான், ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு. தப்பான பிரிவில் கை தட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் மேளக்காரர் எங்கோ தவறுவது போலவே இருக்கும். பிரிவை மாற்றித் தட்டிப் பாருங்கள், நாலைந்து சுற்றுக்குள் பாட்டு அப்படியே பொருந்தி உட்கார்ந்துவிடும். இந்த மாற்றம் முதல் கேட்பில் அநேகமாக நடக்காது. இரண்டாவதில் சந்தேகம் வரும். மூன்றாவதில் கை சரியாக விழும். மூன்று என்ற எண்ணை நான் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் பிடித்துப்போகாதா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பரிச்சயம் கூடக் கூட விருப்பமும் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இலேயே சோதனைகளோடு எழுதிவிட்டார். ஆனால் நீங்கள் ஒப்பிடுகிற உங்கள் பிரியமான பாட்டை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பீர்கள்? அந்தப் பெரிய இடைவெளியில் மூன்று கேட்பு ஒரு சின்ன ஈடு, அவ்வளவுதான். தவிர, முதலில் கடுமையாக வெறுத்த பாட்டு திரும்பக் கேட்கக் கேட்க இன்னும் வெறுப்பாவதும் உண்டு. அதுவும் உருப்படியான தகவல்தான், எழுதுங்கள்.

இனி நடைமுறை. ஆட்கள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கணக்கு இதுதான்: ஆறு பேர் என்றால் உங்கள் பங்குக்கு ஐந்து பாட்டு. சராசரி நாலரை நிமிடம், மூன்று முறை என்றால் அறுபத்தெட்டு நிமிடம். பத்து நாளில் இது யாருக்கும் பாரமில்லை. பத்து பேர் சேர்ந்தால் ஒன்பது பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். அப்போது முதலில் அடிபடுவது மூன்றாம் கேட்பு. அடுத்து இரண்டாம் கேட்பு. கடைசியில் பஸ்ஸில் போகும்போது பாதிப் பாட்டு கேட்டுவிட்டு எழுதுகிறார்கள். ஆட்கள் அதிகமிருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, அடுத்த சுற்றில் கலைத்துப் போடுங்கள்.

ஒருங்கிணைக்கிறவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். பாட்டுகள் அவருக்குத் தனியாக வரட்டும். யார் எதைக் கொடுத்தார் என்பது விமர்சனம் எல்லாம் வந்துசேரும் வரை அவருக்கு மட்டுமே தெரியட்டும். நெருங்கிய நண்பரின் பாட்டுக்கு மனசு தானாக ஒரு மார்க் கூட்டும். போன முறை உங்கள் பாட்டைக் கிழித்தவரின் பாட்டுக்கு ஒரு மார்க் குறைக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் நடக்கும். கேட்கும் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள்: முதல் ஆள் ஒன்றாம் பாட்டில் தொடங்கட்டும், இரண்டாம் ஆள் இரண்டாம் பாட்டில், இப்படியே. எல்லோரும் ஒரே வரிசையில் கேட்டால், ஆர்ப்பாட்டமான பாட்டுக்கு அடுத்து வருகிற மெல்லிய பாட்டு எல்லோரிடமும் சேர்ந்து அடி வாங்கும். ஒரே மூச்சில் ஐந்தையும் கேட்காமல், ஒரு அமர்வுக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

பாட்டைக் கொடுப்பவருக்கான வேலைதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலானவர்கள் தங்கள் உயிருக்கு உயிரான பாட்டைக் கொடுக்கிறார்கள். அது சரிப்படாது. அந்தப் பாட்டோடு உங்களுக்கு இருக்கிற வருடக்கணக்கான பந்தம் கேட்பவருக்கு இல்லை. ஐந்து மார்க் வந்தால் உங்கள் முகம் வாடும், அடுத்த முறை பாதுகாப்பான பாட்டைக் கொடுப்பீர்கள், சுற்றின் நோக்கமே போய்விடும். அந்த வகைக்கு நல்ல வாசலாக இருக்கிற பாட்டைக் கொடுங்கள்.

வாசல் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டு ஐந்து விஷயங்களில் அந்நியமாக இருக்கலாம்: மொழி, தாளம், ஸ்வர அமைப்பு, நாதம் (குரலும் கருவிகளும் ஒலிக்கிற தன்மை), நீளம். இவற்றில் இரண்டில் மட்டும் அந்நியமாக இருக்கட்டும், மூன்று பழகியதாக இருக்கட்டும். மொழி தெரியாது, நாதமும் புதிது, ஆனால் நாலு தட்டு, நாலு நிமிடம், பழகிய மேஜர் ஸ்கேல் என்றால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும். ஐந்திலும் அந்நியமான பதினெட்டு நிமிடப் பாட்டை முதல் சுற்றிலேயே இறக்கினால் யாருக்கும் பயனில்லை. அதையே ஐந்தாவது சுற்றில், அதே வகையில் மூன்று வாசல் பாட்டுகள் போன பிறகு கொடுங்கள். வேறு வரவேற்பு கிடைக்கும்.

சேர்ந்தவுடனே ஒவ்வொருவரும் தங்களுக்கு மிகவும் பிடித்த ஐந்து பாட்டையும், சகிக்கவே முடியாத ஒரு பாட்டையும், ஏன் சகிக்கவில்லை என்று ஒரு வரியையும் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். பிடித்த ஐந்தைவிட அந்த ஒரு வரிதான் அதிகம் பேசும். "கத்துகிற குரல் ஆகாது" என்கிறவருக்கும் "ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் ஆகாது" என்கிறவருக்கும் வேறு வேறு வாசல்.

அடுத்து, எந்தப் பதிவு என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். ஒரே பெயரில் ஆல்பம் பதிவு, வானொலிக்கு வெட்டிய பதிவு, லைவ், ரீமாஸ்டர், மறுபதிவு என்று அரை டஜன் கிடக்கும். பெயரை மட்டும் கொடுத்தால் ஒருவர் ஏழு நிமிடப் பதிவையும் இன்னொருவர் மூன்றரை நிமிடப் பதிவையும் கேட்டுவிட்டு, ஒருவர் புகழ்கிற கிட்டார் தனி வாசிப்பு எங்கே என்று மற்றவர் தேடுவார். பாடியவர், ஆல்பம், வருடம், நிமிடம்-விநாடியில் நீளம் இந்த நான்கும் போதும். நீளம் பொருந்தினால் அநேகமாக அதே பதிவுதான். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஆர்.சி. எண் இருக்கிறது: ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரப்படுகிற பன்னிரண்டு எழுத்து-இலக்கக் குறியீடு. பாட்டுக்கு என்று இல்லாமல் பதிவுக்கு என்று இருப்பதால் லைவுக்கு ஒன்று, ஸ்டூடியோ பதிவுக்கு வேறொன்று. சில நாடுகளில் ஒரு சேவையில் பாட்டு திறக்காது. இரண்டு இடத்து இணைப்பு கொடுத்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

பாட்டோடு ஒரு குறிப்பு வைக்கலாம், ஆனால் அது ஒரே வரியாக, காதுக்கு வேலை கொடுக்கிற வரியாக இருக்கட்டும். "பேஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள்" என்பது நல்ல குறிப்பு. "உலகத்திலேயே சிறந்த பாட்டு, கேட்டால் அழுதுவிடுவீர்கள்" என்பது கெட்ட குறிப்பு. அழாதவர் பாட்டின் மேல் கோபப்படுவார். குறிப்பையும் இரண்டாம் கேட்புக்கு முன்னால்தான் ஒருங்கிணைப்பாளர் திறந்து காட்ட வேண்டும்.

கேட்கும் பக்கத்துக்கு வருவோம். இங்கே அதிகம் ஏமாற்றுவது சத்த அளவு. ஒரு பாட்டு இன்னொன்றைவிட ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் அது சத்தமாகத் தோன்றாது. தெளிவாக, உயிர்ப்பாக, நல்ல ரெக்கார்டிங்காகத் தோன்றும். பழைய பதிவுகளும் மெல்லிசையும் இதில் அநியாயமாகத் தோற்கின்றன. ஸ்ட்ரீமிங் செயலியில் சத்தத்தைச் சமன்செய்யும் அமைப்பு இருக்கும், அதை இயக்கத்தில் வையுங்கள். ஸ்பாட்டிஃபை சாதாரண நிலையில் −14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவருகிறது; ஆப்பிளில் அதன் பெயர் சவுண்ட் செக். ஒன்றை ஒரு செயலியிலும் மற்றொன்றை டவுன்லோடு செய்த ஃபைலிலும் கேட்கும்போது இந்தச் சமன் உடைந்துவிடும். அப்போது இரண்டு பாட்டிலும் குரல் முழுசாக ஒலிக்கிற இடத்தை எடுத்து, குரல் ஒரே அளவில் கேட்கும்வரை கையால் திருகிக்கொள்ளுங்கள். டிரம்ஸை வைத்துச் சமன் பார்க்க வேண்டாம். மிக்ஸுக்கு மிக்ஸ் டிரம்ஸின் இடம் நிறைய மாறும்.

மிகக் குறைந்த சத்தத்தில் கேட்பதும் கெடுதல். சத்தம் குறையக் குறைய காது தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் வரைந்த வளைகோடுகள் சொல்வது இதைத்தான். நள்ளிரவில் முணுமுணுப்பாக வைத்துக் கேட்டுவிட்டு "கனமே இல்லை" என்று எழுதாதீர்கள்.

கருவியும் அப்படியே. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் வரவே வராது, மேலே உள்ள இழைகளை வைத்து மூளை அரைகுறையாக நிரப்பிக்கொள்ளும். ரெகே, டப் மாதிரி ஜமைக்கா வகைகளில் பாட்டைச் சுமப்பதே பேஸ்தான். போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்குப் பாட்டின் முதுகெலும்பே போய்விடுகிறது. விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை, காதில் சரியாகப் பொருந்துகிற சாதாரண இயர்போன் போதும். பேஸ் பூஸ்ட், சுற்றொலி மாதிரியான சேர்க்கைகளை அணைத்துவிடுங்கள். மூன்று கேட்புக்கும் ஒரே கருவி.

மூன்று கேட்புகளுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டால் அலுப்புத் தட்டாது. முதல் கேட்பில் எதுவும் எழுத வேண்டாம், வரிகளைப் பார்க்க வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். முடிந்ததும் எந்த இடத்தில் கவனம் விலகியது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். இரண்டாம் கேட்பு வரைபடத்துக்கு: முன்னிசை எவ்வளவு, குரல் எப்போது நுழைகிறது, பல்லவி எத்தனை தரம் திரும்புகிறது, புதிதாக என்ன எப்போது சேர்கிறது என்று நிமிடம்-விநாடியோடு. தெரியாத மொழி என்றால் வரிகளின் பொருளை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். மெஷின் மொழிபெயர்ப்பு கவிதையைக் கந்தலாக்கிவிடும். அதை வைத்து "வரிகள் சுமார்" என்று மார்க் குறைப்பது அநியாயம். எதைப் பற்றிய பாட்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கேட்பு, குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு. உட்காரும் முன் ஒன்று செய்து பாருங்கள்: பாட்டில் ஏதாவது ஒரு துண்டை முணுமுணுக்க வருகிறதா? மூன்று நொடித் துண்டு வந்தாலும் அது விமர்சனத்தில் எழுதத் தகுந்த செய்தி.

வரைபடம் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். மின்னணு நடன இசையில் அது இல்லாமல் ஒன்றுமே புரியாது. நிமிடத்துக்கு 125 தட்டு போகிற ஒரு ஹவுஸ் டிராக்கில் மாற்றங்கள் பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு பாருக்கு (ஒரு பார் நாலு தட்டு) ஒருமுறைதான் வரும். பதினாறு பார் என்றால் அறுபத்து நான்கு தட்டு, கிட்டத்தட்ட முப்பத்தொரு விநாடி. நாலு நிமிடத்தில் எட்டு சம்பவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லவி-சரணம் எதிர்பார்க்கிற காது அந்த அரை நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடும். டிஜே ஒரு டிராக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வசதியாக முதல் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் வெறும் தாளமாக விடுவதும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு "ஆரம்பமே இழுவை" என்பது கதவின் நீளத்தைப் பார்த்து வீட்டைக் குறை சொல்வது மாதிரி. அறுபத்து நான்கு வரை எண்ணுங்கள். அறுபத்தைந்தாவது தட்டில் புதிதாக ஒரு சிம்பலோ கைதட்டலோ நுழையும்போது, எண்ணியவருக்கு அது தெளிவாக விழும்.

பொறுமை குறைந்ததற்குக் காரணமும் இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு, அதனால் குரலை முன்னே கொண்டுவருகிறார்கள். 1986 முதல் 2015 வரையிலான அமெரிக்கத் தரவரிசைப் பாட்டுகளை ஆராய்ந்தபோது, இருபது விநாடிக்கு மேலிருந்த சராசரி முன்னிசை ஐந்து விநாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. இந்தக் காதோடு போய் பழைய பாட்டையும் வேற்றுப் பாட்டையும் கேட்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

"சுருதி சேரலை" என்ற தீர்ப்பில்தான் அதிகமாகத் தவறுகிறார்கள். அரபு இசையில் ராஸ்ட் என்ற மகாமின் (நம் ராகம் மாதிரி) மூன்றாம் ஸ்வரம் கர்நாடக இசையின் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் கமெலான் என்கிற வாத்தியக் குழுவில் உலோகக் கருவிகளை ஜோடி ஜோடியாகச் செய்து, ஒன்றை மற்றதைவிடக் கொஞ்சம் ஏற்றியே சுருதி கூட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி அலையலையாகத் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு ஓம்பாக் என்று பெயர், அலை என்றே பொருள். துடிப்பு இல்லாத கமெலான் அவர்களுக்கு உயிரில்லாத கமெலான். ஆகவே எழுதும் முன் ஒரு சோதனை: அந்த "அபஸ்வரம்" ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அளவு விலகி வருகிறதா? வந்தால் அது அவர்களுடைய ஸ்வரம். இடத்துக்கு இடம் தடுமாறினால் மட்டும் பிசகு என்று எழுதுங்கள்.

இனி எழுதுவது. "அருமை", "சுமார்", "போர்", "வேற லெவல்" இந்த நான்கையும் சுற்றின் விதியாகவே தடை செய்துவிடலாம். அவை இல்லாமல் எழுத உட்கார்ந்தால்தான் காது என்ன கேட்டது என்று யோசிக்க வேண்டிவரும். "இரண்டு நிமிடத்துக்கு மேல் போரடித்தது" என்பதை இப்படி எழுதலாம்: "இரண்டு சரணமும் அதே நாலு கார்டில் போகின்றன. 2:05-இல் மூன்றாவது தொடங்கும்போதும் டிரம்ஸ், பேஸ், குரலின் உயரம் எதுவும் மாறவில்லை, அங்கே விலகிவிட்டேன். 2:50-இல் டிரம்ஸ் நின்று குரலும் ஒற்றை ஆர்கனும் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் திரும்பி வந்தேன். அந்த இடம் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் எனக்கு இன்னும் இரண்டு மார்க்." இதைப் படிக்கிற பரிந்துரையாளருக்கு மூன்று விஷயம் தெரிகிறது: நீங்கள் உண்மையிலேயே கேட்டீர்கள், மாறாத அமைப்பு உங்களுக்கு ஒத்துவராது, ஒலி விலகி நிற்கிற இடங்கள் பிடிக்கும். அடுத்த முறை அவர் கொடுக்கிற பாட்டு குறி தப்பாது. நூறு நூற்றைம்பது சொல் போதும்.

"இது இன்னார் பாட்டு மாதிரி இருக்கிறது" என்று எழுதினால் எது மாதிரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குரலின் கரகரப்பா, டிரம்ஸின் எதிரொலியா, மெட்டு இறங்குகிற விதமா? வெறுமனே ஒப்பிடுவது பழகாத பாட்டைப் பழகிய பெட்டிக்குள் தள்ளிப் பூட்டிவிடும்.

மார்க் இரண்டாகப் போடுவது என் விருப்பம். பாட்டு தான் செய்ய நினைத்ததை எவ்வளவு செய்தது என்று பத்துக்கு ஒன்று. நான் இதைத் தேடிப் போய் மறுபடி கேட்பேனா என்று பத்துக்கு ஒன்று. கத்திப் பாடுகிற மெட்டல் பாட்டுக்கு ஒருவர் எட்டும் மூன்றும் போடலாம், அது முரண்பாடு இல்லை. ஒரே எண்ணாகப் போட்டால் அது ஐந்தரையாகி இரண்டு செய்தியும் அழிந்துபோகும்.

கூட்டிக் கழிக்கும்போது இரண்டு தவறு நடக்கும். சிலர் எட்டுக்குக் கீழே இறங்கவே மாட்டார்கள், சிலர் ஆறைத் தாண்ட மாட்டார்கள். நேரடியாகச் சராசரி எடுத்தால் கஞ்சக்காரரின் குரல் சரியாகப் பதிவாகாது. ஒவ்வொருவரும் அந்தச் சுற்றில் போட்ட மார்க்குகளின் சராசரியைக் கண்டு, அதிலிருந்து எவ்வளவு மேலே கீழே என்பதை மட்டும் எடுத்துக் கூட்டுங்கள். சராசரி 8.0 உள்ளவர் போட்ட 8 என்பது பூஜ்யம், சராசரி 5.2 உள்ளவர் போட்ட 7 என்பது கூடுதல் 1.8. இரண்டாவது தவறு, சராசரியை மட்டும் வெளியிடுவது. 5, 6, 5, 6 வாங்கிய பாட்டுக்கும் 2, 9, 9, 2 வாங்கிய பாட்டுக்கும் சராசரி 5.5-தான். முதலாவதைப் பற்றிப் பேச அதிகம் இருக்காது. இரண்டாவதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசலாம். மிகப் பெரிய மார்க்குக்கும் மிகச் சிறிய மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதி, அது அதிகமாக இருக்கிற பாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். ஒன்பது போட்டவர் எந்த விநாடியைச் சொல்கிறார் என்று கேட்டு, இரண்டு போட்டவர் அந்த விநாடிக்குத் திரும்பிப் போகட்டும்.

பெயர்கள் திறந்த பிறகு பரிந்துரைத்தவர் பேசலாம், ஆனால் தீர்ப்பை எதிர்த்து வாதாட வேண்டாம். அவர் சொல்ல வேண்டியது இரண்டே: யாருடைய குறிப்பில் தனக்குப் புதிதாக ஒன்று கேட்டது, இந்தப் பாட்டு பிடித்தவர் அடுத்து எதைக் கேட்கலாம். பிடிக்காதவருக்கும் ஒன்று சொல்லிவைக்கலாம், அதே கலைஞரின் வேறு வாசல் ஒன்றை. மார்க் வித்தியாசம் அதிகமாக இருந்த பாட்டைத் தனியாகக் குறித்துவைத்து மூன்று மாதம் கழித்து, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், புதுப் பாட்டுகளோடு கலந்து திரும்பப் போடுங்கள். பழைய மார்க்கை ஒருங்கிணைப்பாளர் மட்டும் வைத்திருந்து, புது மார்க் வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் போதும்.